திருட்டுக்கு எதற்கு மாலை மரியாதை?

கார் பந்தயம் பற்றிப் பேசுகிறவர்கள் மத்தியில் ஒரு கதை பல வருடங்களாகச் சுற்றி வருகிறது. 1995-ல் டொயோட்டாவின் ராலி காரில் ஒரு சாதனம் இருந்ததாம். அதிகாரிகள் கழற்றிப் பார்த்தால் எல்லாம் விதிப்படி இருக்குமாம். திரும்ப மாட்டியதும் விதியை மீறுமாம். இதைச் சொல்லும்போதே சொல்கிறவர் முகத்தில் ஒரு பூரிப்பு வந்துவிடும். பந்தய வரலாற்றிலேயே மிக அழகான மோசடி என்று அதற்கு ஒரு பட்டமும் கொடுத்துவிட்டார்கள். சோழவரம் பந்தயங்களைப் பார்த்து வளர்ந்த என் வயது நண்பர்கள் கூட "என்ன மூளை சார்!" என்று சிலாகிக்கிறார்கள்.

எனக்கு இதில் சம்மதம் இல்லை. அந்தச் சாதனத்தை மெச்சுகிறவர்கள் மெச்சத்தக்க ஒரு காரை அவமதிக்கிறார்கள். அதைவிட முக்கியம், நம்பிக்கை என்ற ஒன்றையே கேலிப் பொருளாக்குகிறார்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு முதலில் அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கார் பெயர் டொயோட்டா செலிகா ஜிடி-ஃபோர். இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின், நான்கு சக்கரங்களுக்கும் இழுவை. ஜெர்மனியில் கொலோன் நகரில் இருந்த டொயோட்டா டீம் யூரோப் என்ற அணிதான் அதைப் பந்தயத்துக்குத் தயார் செய்தது. அதன் தலைவர் ஊவே ஆண்டர்சன் என்ற சுவீடன்காரர். அவரே ஒரு காலத்தில் நல்ல ராலி ஓட்டுநர். 1975-ல் பெஜோ 504 காரில் கென்யாவின் சஃபாரி ராலியை வென்றவர்.

செலிகா ஜிடி-ஃபோர் 1988-ல் உலக ராலி சாம்பியன்ஷிப்பில் இறங்கியபோது அங்கே ராஜாவாக இருந்தது இத்தாலியின் லான்சியா டெல்டா. 1987 முதல் 1992 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து தயாரிப்பாளர் பட்டத்தை வைத்திருந்த கார் அது. ஜப்பான்காரர்கள் நல்ல கார் செய்வார்கள், ஆனால் ஐரோப்பாவில் வந்து பட்டம் வெல்வது வேறு விஷயம் என்பதுதான் அன்றைய பொதுவான எண்ணம்.

அதை உடைத்தது இந்தக் கார். 1990-ல் ஸ்பெயின்காரர் கார்லோஸ் சைன்ஸ் செலிகாவில் ஓட்டி உலக ஓட்டுநர் பட்டம் வென்றார். ஜப்பானியக் காரில் அந்தப் பட்டம் வருவது அதுவே முதல் தடவை. அதே வருடம் பின்லாந்தின் ஆயிரம் ஏரி ராலியையும் அவர் வென்றார். அந்த ராலியை வடக்கு ஐரோப்பிய நாட்டவர் அல்லாத ஒருவர் அதுவரை வென்றதே இல்லை. மேடும் பள்ளமுமான காட்டு மண் சாலையில் கார் பறந்து பறந்து விழும். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவனால்தான் அங்கே ஓட்ட முடியும் என்று இருந்த நம்பிக்கை அன்றோடு போயிற்று.

சஃபாரி ராலியிலும் அப்படித்தான். 1990-ல் செலிகாவை ஓட்டி வென்ற பியோர்ன் வால்டகார்டுக்கு அப்போது வயது 46. 1979-ல் உலக ஓட்டுநர் பட்டத்தை முதன்முதலாக வென்றவர் அவர். 1992-ல் சைன்ஸ், 1993-ல் பின்லாந்தின் யூஹா காங்குனென், 1994-ல் கென்யாவின் உள்ளூர்க்காரரான இயன் டங்கன். எல்லோரும் செலிகாவில்தான் வென்றார்கள். 1993-ல் முதல் நான்கு இடமும் அந்தக் காருக்கே. சேறும் புழுதியும் ஆற்று வெள்ளமுமாக, பொது ஜனங்களும் மாடுகளும் நடமாடும் சாலையில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட வேண்டிய பந்தயம் அது. ஆற்றைக் கடக்கும்போது எஞ்சின் மூச்சுத் திணறாமல் இருக்க, கூரை உயரத்துக்குக் காற்றுக் குழாய் வைத்து ஓட்டினார்கள்.

1992-ல் சைன்ஸ் மறுபடி பட்டம் வென்றார். 1993-ல் காங்குனென், 1994-ல் டிடியே ஒரியோல். இந்த ஒரியோல்தான் உலக ராலி ஓட்டுநர் பட்டம் வென்ற முதல் பிரெஞ்சுக்காரர். 1993-லும் 1994-லும் தயாரிப்பாளர் பட்டமும் டொயோட்டாவுக்கே வந்தது. ஒரு ஜப்பானிய நிறுவனத்துக்கு அந்தப் பட்டம் கிடைத்தது 1993-ல்தான் முதல் தடவை. ஐந்தாண்டில் நான்கு ஓட்டுநர் பட்டம், இரண்டு தயாரிப்பாளர் பட்டம். அவ்வளவும் எஞ்சினாலும் கியர் பெட்டியாலும் மெக்கானிக்குகளின் தூக்கமில்லாத இரவுகளாலும் வந்தவை.

இனி அந்த விதியைப் பார்ப்போம். டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் ஒரு விசிறி. அதிகக் காற்று, அதிகப் பெட்ரோல், அதிக சக்தி. கட்டுப்பாடு இல்லாவிட்டால் சக்தி எங்கே போய் நிற்கும் என்பதற்கு 1986-ஆம் வருடமே சாட்சி. அப்போது குரூப் பி என்று ஒரு வகைக் கார்கள் ஓடின. அந்த மார்ச் மாதம் போர்ச்சுகலில் ஒரு கார் கூட்டத்துக்குள் புகுந்து பார்வையாளர்கள் மூவர் இறந்தார்கள். மே மாதம் கோர்சிகா தீவில் லான்சியா டெல்டா எஸ்4 காரை ஓட்டிய ஹென்றி தோய்வோனெனும், உடன் சென்ற செர்ஜியோ கிரெஸ்டோவும் கார் பள்ளத்தில் விழுந்து தீப்பிடித்ததில் மாண்டார்கள். அந்த வருடத்தோடு குரூப் பி வகையே உலகச் சாம்பியன்ஷிப்பிலிருந்து நீக்கப்பட்டது.

அதன் பிறகு வந்த குரூப் ஏ கார்களிலும் சக்தி மெல்ல ஏறத் தொடங்கியது. அதை அடக்க சர்வதேச ஆட்டோமொபைல் சம்மேளனமான எஃப்.ஐ.ஏ. ஒரு வழி கண்டது. அதுதான் ரெஸ்டிரிக்டர். டர்போவின் வாயில் ஒரு வளையம் வைத்து, எஞ்சினுக்குப் போகும் காற்று முழுவதும் அதன் வழியாகத்தான் போக வேண்டும் என்று விதித்தார்கள். 1995-ல் அதன் துளை விட்டம் 34 மி.மீ. மட்டுமே. சிறு துளை வழியே போகும் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு உறிஞ்சினாலும் கூடுதலாகப் போகாது. டர்போவை எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் சக்தி சுமார் 300 குதிரைத்திறனைச் சுற்றியே நின்றுவிடும். வளையம் எல்லா அணிக்கும் ஒன்றுதான். ஒரு ஊருக்கு ஒரே படி என்பது போல.

டொயோட்டா அணி என்ன செய்தது? வளையத்தின் விட்டத்தை மாற்றவே இல்லை. எப்போது அளந்தாலும் 34 மி.மீ. சரியாக இருக்கும். ஆனால் காற்றுக் குழாயை டர்போவோடு சேர்த்து, ஒரு தனிக் கருவியால் கிளாம்பை முறுக்கினால், அந்த வளையம் சுமார் 5 மி.மீ. நகரும். நகர்ந்ததும் வளையத்தைச் சுற்றி ஒரு சந்து திறக்கும். வளையத்துக்குள் போகாமல் அதன் பக்கவாட்டில் காற்று புகுந்துவிடும். சோதனைக்காகக் குழாயைக் கழற்றினால் உள்ளே உள்ள ஸ்பிரிங்குகள் வளையத்தை டக்கென்று பழைய இடத்துக்குத் தள்ளிச் சந்தை மூடிவிடும். பார்ப்பவருக்கு ஒரு கோடு கூடத் தெரியாது. கூடுதலாகப் போன காற்று சுமார் 25 சதவீதம் என்றும், அதனால் கிடைத்த சக்தி 50 குதிரைத்திறன் வரை இருக்கும் என்றும் மதிப்பிட்டார்கள்.

1995 அக்டோபரில் ஸ்பெயினின் கேட்டலோனியா ராலியில் இது பிடிபட்டது. நவம்பரில் எஃப்.ஐ.ஏ.வின் உலக மோட்டார் விளையாட்டுக் கவுன்சில் தீர்ப்பளித்தது. அந்த வருடம் டொயோட்டா அணியும் அதன் ஓட்டுநர்களும் சேர்த்த புள்ளிகள் எல்லாம் அழிக்கப்பட்டன. 1996 முடியும்வரை அணிக்குத் தடை. ஓட்டுநர்களுக்கு இது தெரிந்திருந்ததாகக் குற்றச்சாட்டு எழவில்லை. அப்போது எஃப்.ஐ.ஏ. தலைவராக இருந்த மேக்ஸ் மோஸ்லியே, இவ்வளவு நுட்பமான ஒன்றைத் தானும் தன் நிபுணர்களும் நெடுநாளாகப் பார்த்ததில்லை என்ற பொருளில் பேசினார். இன்றைய ரசிகர்கள் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவது அவர் கொடுத்த அந்தச் சான்றிதழைத்தான். அதே மோஸ்லி தலைமையிலான அமைப்புதான் அணியை வெளியே அனுப்பியது என்பதை மட்டும் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

மெச்சுகிறவர்கள் சொல்லும் நியாயங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

"நோக்கம் எதுவானாலும் பொறியியலாகப் பார்த்தால் அற்புதம்தானே?" என்பது முதல் வாதம். பொறியியல் என்பது ஒரு வேலைக்காகச் செய்யப்படுவது. அந்த ஸ்பிரிங்குகளின் வேலை என்ன? காரை வேகமாக ஓட்ட ஸ்பிரிங் தேவையில்லை. வளையத்தைச் சற்றே தள்ளி வைத்துவிட்டால் போதும், காற்று புகுந்துவிடும். ஸ்பிரிங்கின் ஒரே வேலை, அதிகாரி பார்க்கும் நேரத்தில் சந்தை மூடி வைப்பது. அதாவது அந்தச் சாதனத்தில் மெச்சப்படும் நுட்பம் முழுவதும் பொய் சொல்லும் பாகத்தில்தான் இருக்கிறது. சைன்ஸின் காரை ஆயிரம் ஏரி ராலியில் தாங்கிய சஸ்பென்ஷனும் நுட்பம்தான். ஆனால் அதை எந்த நேரத்திலும் யார் கழற்றிப் பார்த்தாலும் சஸ்பென்ஷனாகவே இருக்கும்.

"விதியே முட்டாள்தனம், 34 மி.மீ. ரொம்பச் சின்னது" என்பது இரண்டாவது. இருக்கட்டும். அதே துளை வழியாகத்தான் சுபாருவும் மிட்சுபிஷியும் மூச்சு விட்டன. அந்த வருடம் வந்த புதிய செலிகா எதிர்பார்த்தபடி ஓடவில்லை. மே மாதம் கோர்சிகாவில் ஒரியோல் வென்ற ஒன்றுதான் உலகச் சாம்பியன்ஷிப்பில் அந்தப் புது மாடலுக்குக் கிடைத்த வெற்றி. விதி பிடிக்காவிட்டால் கூட்டத்தில் எதிர்த்துப் பேசலாம், பந்தயத்தை விட்டு விலகலாம். கையெழுத்துப் போட்டுக் களத்தில் இறங்கிவிட்டு, பக்கத்து அணிக்கு மட்டும் அந்த விதி இருக்கட்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

"எல்லோரும்தான் ஏதோ செய்கிறார்கள்" என்பது மூன்றாவது. இதற்கு அதே கேட்டலோனியா ராலியிலிருந்தே உதாரணம் காட்டுகிறார்கள். அங்கே சுபாரு அணி முதல் மூன்று இடத்தையும் பிடித்தது. முன்னால் இருந்த கொலின் மெக்ரேயை, அணித் தலைமை சைன்ஸுக்கு வழிவிடச் சொன்னது. மெக்ரே கொதித்துப் போனார். எனக்கும் அந்த உத்தரவு பிடிக்கவில்லைதான். ஆனால் அது எல்லோர் கண் முன்னாலும் நடந்தது. அணித் தலைவர் யார் என்று தெரியும், உத்தரவு என்னவென்று தெரியும், மெக்ரே கோபப்பட முடிந்தது, ரசிகர்கள் திட்ட முடிந்தது. கண்ணுக்குத் தெரிந்த அநியாயத்தோடு சண்டை போடலாம். குழாய்க்குள் ஒளிந்திருக்கும் அநியாயத்தோடு யார் சண்டை போடுவது?

நான் வேலை பார்த்தது தொழிலாளர் துறையில், முத்திரை ஆய்வாளராக. தராசு, எடைக்கல், லிட்டர் அளவை, பெட்ரோல் பங்க் மீட்டர் என்று அளவுகளைச் சோதிப்பதே என் உத்தியோகம். தராசுத் தட்டின் அடியில் புளி உருண்டை ஒட்டியதையும், எடைக்கல்லின் அடியில் ஈயத்தைச் சுரண்டி எடுத்ததையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அவை அசட்டுத் திருட்டு. தட்டைத் திருப்பினால் தெரிந்துவிடும். உண்மையில் பயமுறுத்துவது இன்னொரு வகை. நாம் ஐந்து லிட்டர் அளவையைப் பிடிக்கும்போது மில்லி குறையாமல் ஊற்றும், நாம் ஜீப்பில் ஏறியதும் குறைத்து ஊற்றும் என்கிற வகை. முதல் வகை வாடிக்கையாளரை மட்டும் ஏமாற்றுகிறது. இரண்டாம் வகை சோதனை என்ற ஏற்பாட்டையே ஏமாற்றுகிறது. நம் முத்திரையே அந்தத் திருட்டுக்கு நற்சாட்சிப் பத்திரம் ஆகிவிடுகிறது. அந்த வளையம் இந்த இரண்டாம் வகை. அதனால்தான் அதை அழகு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான்காவது வாதம்தான் பலமானது. "அதான் தண்டனை கொடுத்தாயிற்றே, முப்பது வருடம் ஆயிற்றே, இப்போது ரசித்தால் யாருக்கு என்ன நஷ்டம்?" தண்டனையை யார் அனுபவித்தார்கள் என்று பாருங்கள். 1994-ல் உலகப் பட்டம் வென்ற ஒரியோலுக்கு 1996-ல் முழு வருடம் ஓட்ட ஒரு அணி இல்லை. அங்கே ஒரு ராலி, இங்கே ஒரு ராலி என்று அடுத்தவர் காரில் ஓட்டினார். நான்கு முறை உலகப் பட்டம் வென்ற காங்குனென் ஐந்தாவதை வெல்லவே இல்லை. 1995-ல் பட்டத்துக்கான போட்டியில் இருந்த இருவருக்கும் ஒரே நாளில் புள்ளிகள் பூஜ்யம் ஆயின. காரை ஓட்டத் தெரிந்த குற்றம் தவிர அவர்கள் வேறொன்றும் செய்ததாக யாரும் சொல்லவில்லை.

ஜெயித்தவருக்கும் நஷ்டம்தான். கேட்டலோனியாவுக்குப் பிறகு சைன்ஸும் மெக்ரேயும் தலா 70 புள்ளிகளோடு சமமாக நின்றார்கள். கடைசிப் போட்டியான பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ராலியில் மெக்ரே வென்று, 27 வயதில் பட்டத்தைப் பிடித்தார். பிரிட்டனிலிருந்து வந்த முதல் உலக ராலி சாம்பியன். அருமையான ஓட்டம். ஆனாலும் "அந்த வருஷம் டொயோட்டாவைத் தூக்கிட்டாங்களே" என்று ஒரு முணுமுணுப்பு அந்தப் பட்டத்தின் பின்னாலேயே நடக்கிறது. அவர் என்ன தப்பு செய்தார்?

எல்லாவற்றையும் விடப் பெரிய நஷ்டம் அந்தக் காருக்கே. ஒரு குடம் பாலில் ஒரு துளி விஷம் விழுந்தால் மீதிப் பாலை யார் குடிப்பார்கள்? செலிகா என்றதும் இன்று பேசப்படுவது ஸ்பிரிங் பற்றி. ஐந்து வருடம் நேராக நின்று வென்றதெல்லாம் பின்னால் போய்விட்டது. 1990-ல் கென்யாவின் சேற்றில் 46 வயது வால்டகார்டுக்குக் கார் தயார் செய்த மெக்கானிக்கின் பேரன், தாத்தா எந்த அணியில் இருந்தார் என்று சொன்னால், எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இது பந்தயத்தோடு நிற்கிற விஷயமும் இல்லை. கேட்டலோனியாவுக்கு ஏறக்குறைய இருபது வருடம் கழித்து, 2015 செப்டம்பரில், வோக்ஸ்வேகனின் டீசல் கார்கள் அமெரிக்காவில் பிடிபட்டன. சோதனைக் கூடத்தில் ஓடுகிறோம் என்பதைக் காரின் மென்பொருளே உணர்ந்து, அப்போது மட்டும் புகையைக் கட்டுப்படுத்தும். சாலைக்கு வந்ததும் விட்டுவிடும். நைட்ரஜன் ஆக்சைடு அனுமதித்த அளவைப் போல 40 மடங்கு வரை வெளியேறியது. உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் அந்த மென்பொருள் இருந்தது. ஸ்பிரிங்குக்குப் பதில் மென்பொருள், அவ்வளவுதான் வித்தியாசம். பார்க்கும்போது ஒன்று, பார்க்காதபோது ஒன்று என்ற அதே யுக்தி. ராலியில் தோற்றவர் சிலர் என்றால், இங்கே அந்தப் புகையைச் சுவாசித்தவர் எத்தனை பேர்? அந்த மென்பொருளையும் அழகான மோசடி என்று யாராவது மெச்சினால் நாம் சும்மா இருப்போமா? அதற்குக் கோபம், இதற்குக் கைதட்டல் என்றால் நம் தராசின் தட்டுக்கு அடியிலும் புளி ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். செலிகாவின் புளுகு ஒரு பந்தயப் பருவத்தைக் கூடத் தாண்டவில்லை. ஆனால் அதை மெச்சுகிறவர்கள் வாயில் முப்பது வருடமாக வாழ்கிறது. அதற்கு ஆயுள் கொடுப்பது நாம்தான்.

டொயோட்டா தடை முடிந்து திரும்பி வந்து, கொரோலா காரில் 1999-ல் தயாரிப்பாளர் பட்டத்தை மறுபடி வென்றது. அதற்கு முந்தைய வருடம் பிரிட்டனில், கடைசிப் போட்டியின் கடைசிக் கட்டம் முடிய 500 மீட்டருக்கும் குறைவாக இருந்தபோது சைன்ஸின் கொரோலா எஞ்சின் செயலிழந்து நின்றது. கைக்கு வந்த உலகப் பட்டம் போயிற்று. உடன் ஓட்டியான லூயிஸ் மோயா தன் ஹெல்மெட்டையே காரின் பின் கண்ணாடியில் வீசி எறிந்தார். நியாயமாக ஓடி, நியாயமாகத் தோற்ற அந்தக் கார் அணிக்குக் கௌரவம் சேர்த்தது. பேரப் பிள்ளைகளுக்குக் கார் பந்தயக் கதை சொல்ல வேண்டுமென்றால் எஞ்சின் நின்றுபோன அந்தக் கொரோலாவைச் சொல்லுங்கள். ஆயிரம் ஏரியை வென்ற செலிகாவைச் சொல்லுங்கள். 5 மி.மீ. சந்தைச் சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால், அது திருட்டு என்ற வார்த்தையையும் சேர்த்தே சொல்லுங்கள்.